வால்ரசுக்குப் பூசிய நல்லெண்ணெய்

1989ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வெளியே தூறல். குடையை விரிக்கவும் மனம் வராது, விரிக்காமல் போகவும் முடியாது, அப்படியான தூறல். அது தொடங்கி அன்றைக்கு மூன்றாவது நாள். அந்த நேரத்தில்தான் மத்திய லண்டனில் ஒரு சிறிய கலைக்கூடத்தில், பக்கத்தில் ஒருவரும் இல்லாத வேளையில், எனக்குச் சொந்தமில்லாத ஒரு கற்சிலைக்கு நல்லெண்ணெய் பூசினேன்.

நேரம் எப்படி இவ்வளவு சரியாக ஞாபகம் இருக்கிறது என்று கேட்பீர்கள். இலங்கையில் முப்பத்தொரு வருடம் நில அளவைப் பகுதியில் படம் வரைபவனாக வேலை பார்த்தவன் நான். எதையும் எண்ணாமல் பார்க்க எனக்குத் தெரியாது. கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறினால் பதினைந்தாவது நிறுத்தத்தில் இறங்குவேன். அங்கிருந்து கூடத்தின் கதவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி. இதை ஒரு வருத்தம், ஒரு வகை நோய் என்பாள் என் மனைவி. நான் பழக்கம் என்பேன்.

அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அகதி வழக்கு முடியவில்லை. பதினொரு மாதம் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்து, பதினேழு விண்ணப்பங்கள் போட்டு, கடைசியாகக் கிடைத்த பகல் வேலை இது. காலை ஒன்பதரைக்குக் கதவைத் திறப்பது, பொருட்களைக் காவல் பார்ப்பது, பதினொரு மணிக்குப் பார்வையாளர்கள் வருமுன் உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவது. உரிமையாளர் அறுபது தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி. முதல் நாளே எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் சொன்னார். தூரிகை உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீரோ வேறு எதுவுமோ கூடாது. நானும் தலையாட்டினேன்.

அந்த மாதம் அங்கே கனடாவின் வடகோடியில் வாழும் மக்களின் வேலைப்பாடுகள் வந்திருந்தன. எஸ்கிமோ என்றுதான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். நான் அப்படிச் சொன்னதும், இனுயிட் என்றுதான் அவர்கள் தங்களைச் சொல்கிறார்கள் என்று உரிமையாளர் திருத்தினார். முப்பத்தெட்டுக் கற்சிலைகள், இருபத்தாறு அச்சுப் படங்கள், ஒன்பது பென்சில் ஓவியங்கள். மொத்தம் எழுபத்து மூன்று.

உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு நாளும் அந்தப் படங்கள் எனக்கு எரிச்சலைத்தான் தந்தன. அளவுத்திட்டம் என்று ஒன்று கிடையாது. நாயும் மனிதனும் ஒரே உயரம். கூடாரம் மேலிருந்து பார்த்தது போல, அதற்குள் இருக்கும் தேநீர்க் கேத்தில் பக்கத்திலிருந்து பார்த்தது போல. நான் அப்படி ஒரு வரைபடம் கொடுத்திருந்தால் எங்கள் மேலதிகாரி கிழித்து எறிந்திருப்பார். மூன்றாம் நாள் பார்த்தேன், ஒரு படத்தில் ஒரு பெண் மிருகத் தோலை விரித்துச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் சுரண்டும் கத்தி அவளுடைய தலையை விடப் பெரிது. வேலை செய்கிறவளுக்குக் கத்திதானே பெரிதாகத் தெரியும் என்று எனக்குள் ஓடியது. அன்றிலிருந்து தூரிகையைக் கையில் எடுக்குமுன் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்க்கத் தொடங்கினேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு வால்ரஸ். வாயிலிருந்து இரண்டு தந்தம் கீழே தொங்கும், மீசை வைத்த, பெருத்த கடல் விலங்கு. ஒரு நல்ல பூசணிக்காய் அளவு இருக்கும். கரும் பச்சைக் கல். அதன் விலாப்புறம் முழுவதும் ஊசியால் கீறியது போல மெல்லிய வெள்ளைக் கோடுகளில் ஒரு நாளின் வாழ்க்கை இருந்தது. பதினொரு நாய்கள் இழுக்கும் ஒரு வண்டி, இரண்டு ஆண்கள், சட்டையின் முதுகுக் குல்லாயில் குழந்தையை வைத்திருக்கும் ஒரு பெண், கொடியில் காயும் மூன்று மீன்கள், பனியில் ஒரு துளையும் அதன் பக்கத்தில் அசையாமல் குந்தியிருக்கும் ஒரு கிழவனும்.

கூடத்தில் வெப்பமூட்டி நாள் முழுவதும் ஓடும். அந்த வறட்சியில் கல் நாளுக்கு நாள் மங்குவது போல எனக்குப் பட்டது. கை வைத்துப் பார்த்தேன். சொரசொரவென்று காய்ந்திருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் கருங்கல் விக்கிரகம் இப்படி இருந்தால் ஐயரைக் கேள்வி கேட்டிருப்போம். எண்ணெய்க் காப்புச் சாத்தினால் போதும். கண், மூக்கு, மாலை மடிப்பு எல்லாம் எழும்பி வரும். நான் சிறுவயதிலிருந்து பார்த்த காரியம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அன்று மாலை ஆறு மணிக்குக் கண்காட்சியின் தொடக்க விழா; அதுவரை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. அந்த வால்ரசைச் செதுக்கியவரே அதற்காகக் கனடாவிலிருந்து வருகிறார். இப்படிக் காய்ந்த நிலையில் அவர் தன் சிலையைப் பார்க்கலாமா?

சாமிப்படத்துக்கு விளக்கேற்றும் நல்லெண்ணெயில் கொஞ்சத்தைக் கழுவிய இருமல் மருந்துப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தேன். மனைவி கேட்டபோது முழங்காலுக்கு என்று சொல்லிவிட்டேன். பழைய வேட்டித் துண்டில் தொட்டு, நான்கு நிமிடம் பூசினேன். கல் கறுத்து மின்னியது. அப்படி ஒரு கறுப்பு. எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

பிறகு நாய்களை எண்ணினேன்.

ஒரு நாயும் இல்லை. வண்டி இல்லை. பெண் இல்லை, குழந்தை இல்லை, மீன் இல்லை. பனித்துளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த கிழவனும் இல்லை. எங்கள் விக்கிரகங்களில் கோடு என்பது ஆழமாக வெட்டியது. எண்ணெய் இறங்கினால் அது எழும்பும். இது அப்படியில்லை. மினுக்கிய கல்லின் மேல் தலைமயிர் அளவுக் கீறல். கீறிய இடத்தின் வெண்மைதான் படம். அந்த வெண்மையை எண்ணெய் குடித்துவிட்டது. முப்பத்தொரு வருடம் கோடு போட்டவனுக்கு இது முதலே தெரிந்திருக்க வேண்டாமா?

ரிஸ்யூத் தாளால் துடைத்தேன். பதினான்கு தாள் போனது. வெப்பமூட்டியைக் கூட்டி வைத்தால் காய்ந்துவிடும் என்று அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். சூட்டில் எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கியது. கடைசியில் மேசைத் தொலைபேசியில் வீட்டுக்கு அழைத்தேன்.

"இஞ்சேரப்பா, முழங்காலுக்கு எண்டெல்லோ கொண்டு போனியள்" என்றாள் மனைவி.

"கல்லுக்குப் பூசிப்போட்டன்."

"எந்தக் கல்லுக்கு?"

"வால்ரசுக்கு."

"அது ஆர்?"

விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் எடுத்தது. பயத்தம் மாவைப் போட்டுத் தேய்த்தால் எண்ணெய் போகாதோ என்று கேட்டேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"கல்லுக்கு எண்ணெயும் வைச்சு முழுகவும் வாக்கப் போறியளோ? ஒண்டும் செய்யாதேயுங்கோ. அந்த மனிசி வந்த உடனை நான்தான் பூசினனான் எண்டு சொல்லுங்கோ. வாயைப் பொத்திக்கொண்டு நிண்டு போடாதேயுங்கோ, உங்களை எனக்குத் தெரியும்."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு உரிமையாளர் வந்தார். வாசலிலிருந்து அவருடைய மேசைக்கு இருபத்து மூன்று காலடி. பத்தொன்பதாவது அடியில் நின்றுவிட்டார். கண்ணாடியைப் போட்டார். வால்ரசின் விலாவை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். மெல்லப் பேசும் மனிதர் அவர். கோபம் வந்தால் இன்னும் மெல்லப் பேசுவார்.

"நேற்று மாலை அவள் வந்தாளா?"

அவள் என்றது கூடத்தைத் துப்புரவு செய்யும் பெண்ணை. கானா நாட்டவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்திலிருந்து திங்களும் வியாழனும் மாலையில் வருவார். செப்டம்பரில் ஒரு முறை மரப் பீடமொன்றுக்குத் தளபாட மினுக்கியை அடித்து, ஏச்சு வாங்கியிருந்தார். என்னிடம் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் யார் செய்தது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நேற்று அவள் வந்தாளா என்றுதான் கேட்டார்.

"ஆம்" என்றேன்.

அது பொய் இல்லை. திங்கட்கிழமை அந்தப் பெண் வந்துதான் இருந்தார். பொய் இல்லாத அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் கீழ்த்தளப் படிக்கட்டில் போய் நின்றேன். மேலே தொலைபேசியில் பேசுவது கேட்டது. சாவியை இன்றே கொண்டுவந்து கொடுத்துவிடு, இனி வரவேண்டாம். கீழே இறங்கி, குழாயடியில் கைகளுக்குச் சவர்க்காரம் போட்டேன். கழுவினேன். மணந்து பார்த்தேன். திரும்பக் கழுவினேன். ஆறு தரம்.

என்ன பயம் என்றால், எல்லாம்தான். வேலை போனால் திரும்பவும் இரவு ஷிப்ட். பொருளைச் சேதப்படுத்தினான் என்று பொலிசுக்குப் போனால், அது உள்நாட்டு அமைச்சுக்குப் போய், என் வழக்குக் கோப்பில் ஏறிவிட்டால்? ஒரு சிலைக்கு எண்ணெய் பூசியதற்கு யாரையும் நாடு கடத்தமாட்டார்கள் என்று இன்றைக்குச் சிரிக்கலாம். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. ஒரு மணிக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மணியானதும் இரண்டுக்கு என்று வைத்தேன்.

இரண்டு மணி ஐம்பதுக்கு அந்தப் பெண் வந்தார். மழைக்குத் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தார். சாவியை மேசையில் வைத்தார். அழவில்லை. தரையைத் தவிர எதையும் தான் தொடவில்லை என்று இரண்டு முறை சொன்னார். உரிமையாளர் கடிதங்களிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அதன்பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லுங்கள் மிஸ்டர். இந்தக் கற்களுக்குக் கிட்டக்கூட நான் போவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். இரவில் அதுகளைப் பார்த்தால் எனக்குப் பயம் என்று உங்களிடம்தானே சொன்னேன்."

சொன்னார்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தும் இருந்தோம்.

"நான் ஐந்து மணிக்கே போய்விடுவேன்" என்றேன். "அதற்குப் பிறகு நடப்பது எனக்குத் தெரியாது."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பையைத் தலையில் திரும்பக் கட்டிக்கொண்டு போனார். வாசலுக்கு இருபத்து மூன்று காலடி என்று சொன்னேனே, அவர் அதைப் பதினேழில் கடந்தார். அந்த நேரத்திலும் நான் எண்ணினேன்.

ஐந்து மணி இருபதுக்குச் சிலை செதுக்கியவர் வந்து சேர்ந்தார். குள்ளமான மனிதர், என் வயதிருக்கும். புதிய கோட், பழைய ஓட்டச் சப்பாத்து. அவருக்கு ஆங்கிலம் வராது. அவருடைய மருமகள் கூட வந்து மொழிபெயர்த்தாள். தேநீர் கேட்டார். நான்கு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன். கோப்பையைப் பிடித்துக்கொண்டே அறையைச் சுற்றி வந்தவர் வால்ரசுக்கு முன்னால் நின்றார். கோப்பையை என்னிடம் தந்துவிட்டு, சிலையைத் தூக்கி விளக்குக்குச் சரித்தார். பிறகு மூக்குக்குக் கொண்டுபோய் மணந்தார். ஏதோ சொன்னார். மருமகள் சிரித்துவிட்டாள்.

"இது எந்த மிருகத்தின் கொழுப்பு என்று கேட்கிறார்."

உரிமையாளர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விளக்கினார். தளபாட மினுக்கி, துப்புரவு செய்த பெண்ணின் வேலை, அவளை இன்றைக்கே நிறுத்தியாகிவிட்டது.

மருமகள் அதைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி, விரலில் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்தார்.

"மினுக்கி இல்லையாம். சாப்பிடுகிற எண்ணெயாம். ஆனால் நல்லாயில்லையாம்."

உரிமையாளரின் கண்கள் அறையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, தேநீர்க் கோப்பையோடு நின்ற என்னிடம் வந்து நின்றன. மனச்சாட்சி உறுத்தி நான் முன்னால் வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், ஒரு மனிதரின் மூக்கு என்னைப் பிடித்துவிட்டது.

"எள்" என்றேன். "எள்ளெண்ணெய். நான்தான் பூசினேன். அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

ஏன் பூசினேன் என்று கேட்டார் செதுக்கியவர். எங்கள் கோயிலில் கல்லுக்கு எண்ணெய் வைப்போம், காய விடமாட்டோம், எண்ணெய் வைத்தால் முகம் தெளியும் என்று சொன்னேன். மருமகள் நீண்ட நேரம் மொழிபெயர்த்தாள். அவர் என்னைப் பார்த்து ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரு ஆணி.

கீழ்த்தளத்திலிருந்து படம் மாட்டும் ஆணிகள் ஆறு கொண்டுவந்தேன். நான்காவதைத் தெரிந்தெடுத்தார். மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, வால்ரசை மடியில் குழந்தையைப் போலக் குப்புறப் போட்டு, கீறத் தொடங்கினார். எண்ணெய் குடித்த கறுப்பின் மேல் புது வெள்ளைக் கோடு பளிச்சென்று எழுந்தது. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கோட்டையும் அவர் யோசித்துப் போடவில்லை. ஒரு கோட்டையும் திருத்தவும் இல்லை. இருபத்தைந்து நிமிடத்தில் வண்டி, ஆண்கள், பெண், குழந்தை, மீன்கள், கிழவன். நாய்கள் ஒன்பது.

வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல், "முதலில் பதினொன்று இருந்தது" என்றேன்.

மருமகள் அதையும் கேட்டாள். "அப்போது எனக்கு அவசரம் இல்லை என்கிறார். இன்றைக்கு ஆறு மணிக்கு ஆட்கள் வருகிறார்களாம். ஒன்பதும் இழுக்கும் என்கிறார்."

ஆறு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். ஐம்பத்தோரு பேர். வால்ரசின் முன்னால்தான் கூட்டம் அதிகம். உரிமையாளர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை கூப்பிட்டு, இனித் தூரிகையைத் தொடவேண்டாம், கதவையும் மேலங்கிகளையும் மட்டும் பார்த்துக்கொள் என்றார். அவ்வளவுதான். வேலை போகவில்லை. பொலிஸ் வரவில்லை. என் வழக்கும் அதன் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்ணை உரிமையாளர் அன்றைக்கே தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். திரும்பி வரச் சொன்னார். சாவியைக் கொடுத்தாயிற்று, இனி வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். ஆக, எண்ணெய் பூசியவன் கதவடியில் நின்றான். பூசாதவர் போய்விட்டார்.

வீட்டில் மனைவி ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பிள்ளை எங்கை இருக்குது எண்டு கேட்டனியளோ?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த கிழமையும் அதையே கேட்டாள். மூன்று சனிக்கிழமைகளை ஒவ்வொரு சாட்டுச் சொல்லிக் கடத்தினேன். ஒன்று தடிமன் காய்ச்சல், ஒன்று ரயில் திருத்தவேலை, ஒன்று சும்மா. நான்காவது சனிக்கிழமை உரிமையாளரிடம் வாங்கிய முகவரியோடு பார்க்கிங்குக்குப் போனேன். கவுன்சில் மாடிக் கட்டடம். லிப்ட் பழுது. ஐம்பத்திரண்டு படி.

சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தார். உள்ளே ஏதோ பொரிகிற வாசனை வந்தது. நான் ரயிலில் நாற்பது நிமிடம் ஒத்திகை பார்த்த ஆங்கிலம் முழுவதும் மறந்துபோனது. நான்தான் பூசினேன், தெரிந்துகொண்டே உங்களைக் கைவிட்டேன், மன்னியுங்கள் என்றேன்.

"அது எனக்கு அன்றைக்கே தொலைபேசியில் தெரியும்" என்றார். "ஆனால் அதற்கு முன்னால், ரயிலில் வரும்போது, என் கைகளை மணந்து பார்த்தேன். எனக்குத் தெரியாமல் நான்தான் எதையாவது பூசிவிட்டேனோ என்று" என்றார்.

நான் என் கைகளைக் கழுவிக் கழுவி மணந்த அதே பிற்பகலில் அவரும் மணந்திருக்கிறார். வேறு வேலை கிடைத்ததா என்று கேட்டேன். அந்தத் திங்கட்கிழமைதான் வேறொரு இடத்தில் தொடங்கியதாகச் சொன்னார். இடையில் எத்தனை நாள் போனது என்று நான் மனதில் கூட்டுமுன் அவரே சொன்னார்.

"ஐந்து மாலை. ஒன்றுக்கு ஒன்பது பவுண்."

கடித உறையில் ஐம்பது பவுண் வைத்திருந்தேன். நீட்டினேன். சங்கிலி இடைவெளியால் வாங்கி, என் கண் முன்னாலேயே எண்ணினார். ஐந்து பவுண் தாளொன்றைப் பிரித்துத் திருப்பித் தந்தார். மிச்சத்தை இன்னொரு முறை எண்ணினார். சரியாக இருக்கிறது என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை, சும்மா சாத்தினார்.

இது நடந்து ஒன்பது வருடமாகிறது. வழக்கு வென்று, ஓய்வு பெற்று, அறுபத்தேழு வயதில் கோலியர்ஸ் வுட் நூலகத்தில் இருந்து இதை எழுதுகிறேன். என் கையால் கெட்ட கல்லுக்கு ஒருவரும் என்னிடம் ஒரு பென்னி கேட்கவில்லை. அது ஒரு ஆணியோடு சரியாகிவிட்டது. ஆனால் நான் பெரிய பிழை ஒன்றும் செய்யாத மனிதன் என்று எப்போதாவது மனம் ஆறுதல்படப் பார்க்கும்போது, ஐந்தரை மணி நேரம் வாய் திறக்காமல் நின்றதற்கு நான் கொடுத்த விலை, அதுவும் கணக்குக்கு மேல் ஒரு பவுண் கூட அவர் வாங்க மறுத்த விலை, எழும்பி வந்து குறுக்கே நிற்கிறது: நாற்பத்தைந்து பவுண்.